ரோட்டில் விழுந்ததாகச் சொன்னேன்

முப்பத்திரண்டு வருடம் ஒரு பெண்கள் பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்தவள் நான். விசில் ஊதினால் மைதானத்தின் மறுகோடியில் இருக்கிற பெண்ணும் நின்ற இடத்திலேயே நிற்பாள். உயரம் தாண்டக் கற்றுக்கொடுத்தேன். அதைவிட முக்கியமாக, தாண்டிவிட்டு எப்படி விழ வேண்டும் என்று கற்றுக்கொடுத்தேன். முழங்காலை மடக்கு, கையை ஊன்றாதே, தோளைக் கொடுத்து உருளு என்று ஆயிரம் தடவை கத்தியிருப்பேன். எழுபத்து மூன்றாவது வயதில், என் சொந்த வீட்டு ஹாலில், கையை ஊன்றித்தான் விழுந்தேன். இடது மணிக்கட்டு உடைந்தது.

காக்ஸ் டவுனில் எங்கள் வீடு பழைய வீடு. உயரமான ஜன்னல்கள், முன்னால் ஒரு சின்ன ஓட்டுக் கூரை, உள்ளே சிவப்புச் சிமெண்டுத் தரை. இந்தப் பக்கத்தில் பழைய வீடு வைத்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு அந்தத் தரைதான் மானம். கிறிஸ்துமஸுக்கு முன்னால் டப்பாவில் வருகிற சிவப்பு மெழுகை வாங்கி, துணியில் தொட்டு, மண்டிபோட்டு அடி அடியாகத் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் பழைய கம்பளித் துண்டின்மேல் இரண்டு காலையும் வைத்து, ஹாலின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை வழுக்கி வழுக்கிப் போய் மெருகேற்ற வேண்டும். கேரல் பாட வருகிறவர்கள் உள்ளே கால் வைக்கும்போது வாசலில் தொங்குகிற நட்சத்திர விளக்கு தரையிலும் தெரிய வேண்டும். "டீச்சர் வீட்டுத் தரையைப் பாத்து பவுடர் போட்டுக்கலாம்" என்று சபைப் பெண்கள் சொல்வார்கள். அதைக் கேட்பதற்காகவே வருடா வருடம் மெழுகு போட்டேன் என்று சொன்னால் பொய்யில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குக் கேரல் கோஷ்டி வருவதாக இருந்தது. காலையிலேயே மெழுகு வேலையை முடித்துவிட்டேன். டிசம்பர் குளிருக்குக் காலில் சாக்ஸ். நாலு மணி சுமாருக்கு, கேக் வைக்கத் தட்டு எடுக்கலாம் என்று சமையலறைப் பக்கம் வேகமாகத் திரும்பினேன். புது மெழுகின்மேல் நைலான் சாக்ஸ் போட்டுக்கொண்டு வேகமாகத் திரும்பினால் என்ன ஆகும் என்று ஏழாம் வகுப்புப் பெண்ணைக் கேட்டால்கூடச் சொல்லியிருப்பாள்.

எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆனது. முதலில் கொஞ்ச நேரம் திட்டினேன். யாரை என்று தெரியவில்லை, தரையைத்தான் என்று நினைக்கிறேன். பிறகு பக்கவாட்டில் உருண்டு, வலது முழங்கையை ஊன்றி, முழங்காலிட்டு, சாப்பாட்டு மேசை நாற்காலியை நோக்கித் தவழ்ந்தேன். மெழுகில் முழங்கால் நிற்கவில்லை. இரண்டு தடவை நாற்காலிவரை போய்ச் சரிந்தேன். சாக்ஸைக் கழற்றினால் காலுக்குப் பிடி கிடைக்கும் என்று தோன்றவே அரை மணி நேரம் ஆயிற்று. இதுதான் என் முப்பத்திரண்டு வருட அனுபவத்தின் லட்சணம்.

ஆறு மணிக்கு அவர்கள் வந்தபோது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். மணிக்கட்டு பன்னு மாதிரி வீங்கியிருந்தது. முதல் பாட்டு முடிவதற்குள் ஆர்மோனியம் வாசிப்பவர் பார்த்துவிட்டார்.

"டீச்சர், கையில என்ன ஆச்சு?"

"கேட்டுக்கு வெளில ஒரு கல்லு ஆடுதில்ல, அது மேல கால் வெச்சிட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். இந்த ஊரில் ரோட்டைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புவார்கள். பாட்டை நிறுத்திவிட்டு எல்லோரும் நடைபாதையைத் திட்ட ஆரம்பித்தார்கள். ஒருத்தர் போய் அந்தக் கல்லை மிதித்துப் பார்த்து, "ஆமா, ஆடுது" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் கல் பல வருடமாக ஆடுகிறது. அதன்மேல் தினமும் நான்கு தடவை நடந்திருக்கிறேன். அது என்னை ஒரு நாளும் எதுவும் செய்ததில்லை.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்டால், வெட்கம் பாதி. பி.டி. டீச்சர் தன் வீட்டுத் தரையில் வழுக்கி விழுந்தாள் என்பது வெளியே சொல்கிற விஷயமா? மீதிப் பாதி என் மகன். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவனுக்கும் மருமகளுக்கும் ஐ.டி. வேலை. பதினோராவது மாடியில் ஃபிளாட். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இந்த ஒன்பது வருடமாக ஒவ்வொரு தடவை வரும்போதும், "உங்க ரூம் ரெடியா இருக்கு மம்மி" என்பான். நல்ல அறைதான், பார்த்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிரே இன்னொரு பதினோராவது மாடி. கீழே இறங்கினால் வட்டமாக ஒரு நடைபாதை. அதில் வயதானவர்கள் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். வீட்டுக்குள் விழுந்தேன் என்று தெரிந்தால், "வீடு சேஃப் இல்ல" என்று ஒரே வார்த்தையில் என்னை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுவான் என்று எனக்குத் தெரியும். என் வீட்டைக் காப்பாற்ற ரோட்டைக் காட்டிக்கொடுத்தேன்.

மறுநாள் துணி துவைக்கப் புடவையை எடுத்த வேலைக்காரப் பெண்மணி மட்டும் அதை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள்.

"டீச்சரம்மா, ரோட்டுல விழுந்தா மண்ணுல்ல ஒட்டியிருக்கணும்? இது பூரா செவப்பு மெழுகால்ல இருக்குது?"

"தொவைக்கிற வேலையைப் பாரு" என்றேன். பார்த்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவள் வாய் ஓரத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

பொய்யின் பலன் சீக்கிரமே கிடைத்தது. மகன் என் கையில் மாவுக்கட்டைப் பார்த்தான், வெளியே போய்க் கல்லைப் பார்த்தான், திரும்பி வந்து சட்டம் போட்டான்.

"மம்மி, இனிமே தனியா வெளியே போகக் கூடாது. காய்கறி, மட்டன் எல்லாம் ஆப்ல வந்துடும். சர்ச்சுக்கு கேப் புக் பண்றேன். வீட்டுக்குள்ளேயே இருங்க. வீட்டுக்குள்ள சேஃப்."

வீட்டுக்குள்ள சேஃப். அதைச் சொன்னபோது அவன் நின்றுகொண்டிருந்தது, நான் விழுந்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளி. தரை அவன் காலடியில் பளபளவென்று சிரித்துக்கொண்டிருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி சிவாஜிநகர் மார்க்கெட்டுக்குப் போய், கறிக்கடைக்காரரோடு எலும்பு அதிகம் வைத்ததற்குச் சண்டை போட்டு, கையில் பையோடு திரும்பி வருகிறவள் நான். காலையில் மூன்று தெரு சுற்றி நடப்பேன். தெருமுனை இஸ்திரிக்காரர் முதல் சர்ச் வாசலில் பூ விற்கிறவள் வரை என்னிடம் பேசாமல் ஒரு நாள் கழியாது. அத்தனையும் போயிற்று. என்னை ஒன்றும் செய்யாத ரோட்டிலிருந்து என்னைப் பிரித்து, என்னைக் கீழே தள்ளிய தரையோடு பூட்டி வைத்துவிட்டான். அவன்மேல் தப்பில்லை. நான் சொன்னதை நம்பினான், அவ்வளவுதான்.

ஆறு வாரம் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடந்தால் கால் என்னவாகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தொடை இளைத்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டியது. ஜனவரிக் கடைசியில் ஒரு காலை, குளித்துவிட்டுத் திரும்பும்போது குளியலறையில் கால் வழுக்கியது. கைக்கு அகப்பட்டது துண்டு போடுகிற கம்பி. அதைப் பிடித்தேன். அது சுவரைவிட்டு ஆணியோடு என் கையில் வந்தது. எப்படியோ சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன். ஈரத்தோடு, கையில் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் அப்படியே நின்றேன். பயந்துவிட்டேன். ஒப்புக்கொள்வதில் என்ன இருக்கிறது, நன்றாகப் பயந்துவிட்டேன்.

பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வேலை நடக்கும்.

உண்மையைச் சொன்னால்தான் ரோடு திரும்பக் கிடைக்கும். ஆனால் உண்மையைச் சொன்னால் வீடு போகும். அப்படியென்றால் முதலில் வீட்டைச் சரிசெய்ய வேண்டும், பிறகு வாயைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கையைப் பழக்க வந்த பிசியோதெரபிப் பெண்ணிடம் முதலில் ஆரம்பித்தேன். என் மாணவிகளின் மகள் வயது இருக்கும் அவளுக்கு.

"ஆன்ட்டி, சமையல் மேடையைத் தொட்டுக்கிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க" என்றாள்.

"நான் பி.டி. டீச்சரம்மா. உங்க அம்மாவை ஒத்தக் கால்ல நிக்க வெச்சிருப்பேன்."

"அப்ப ஈஸிதானே. நில்லுங்க."

நின்றேன். மூன்று எண்ணுவதற்குள் மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து தடவை எழுந்து உட்காரச் சொன்னாள். நாலாவது தடவையே தொடை நெருப்பாய் எரிந்தது. காலையில் கண் விழித்ததும் எழுந்து ஓடாமல் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்காரச் சொன்னாள். பிரஷர் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொன்னாள். கேட்டதில் அவர் அளவைக் குறைத்தார். வீட்டில் சாக்ஸ் மட்டும் போட்டு நடக்கக் கூடாது, பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு வேண்டும் என்றாள். வீட்டுக்குள் செருப்பா என்று என் மாமியார் காலத்துச் சட்டம் ஒன்று மனதில் எழுந்தது. அதை உட்கார வைத்துவிட்டுச் செருப்பு வாங்கினேன்.

பிறகு கொத்தனாரைக் கூப்பிட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், அவர் தமிழில் பாதி கன்னடம் இருக்கும். குளியலறைச் சுவரில் இரண்டு இடத்தில் கெட்டியான பிடிகம்பி, பின்வாசல் படி ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட், குளியலறையில் சொரசொரப்பான டைல்ஸ் என்று சொன்னேன். அவர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பேஷண்ட் எல்லி அம்மா? எங்க, ரூம்ல படுத்திருக்காங்களா?"

"பேஷண்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்குத்தான். பஸ்ல மேல கம்பி இருக்கு, புடிச்சிட்டு நிக்கிறீங்களே, நீங்க என்ன பேஷண்டா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "கரெக்ட்டு அம்மா" என்று துளைபோட ஆரம்பித்தார். சாயங்காலம் "ஆயித்து அம்மா, புடிச்சுத் தொங்கிப் பாருங்க" என்றார். முடிந்துவிட்டது என்று அர்த்தம். நான் இரண்டு கையாலும் பிடித்து, முழு எடையையும் போட்டு இழுத்தேன். சுவர்தான் வரும், கம்பி வராது என்று திருப்தியாகச் சொன்னார்.

கடைசியாகத் தரை. அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். கம்பி போடுவது சுலபம், செருப்பு வாங்குவது சுலபம். அந்த மெருகைக் கெடுக்கிற அன்றைக்கு மட்டும் எனக்குக் கை ஓடவில்லை. வெந்நீரில் சலவைச் சோடாவைக் கரைத்து வாளியில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் ஆறியே போயிற்று.

"நெசமாவே தேய்ச்சு எடுக்கணுமா டீச்சரம்மா?" என்றாள் வேலைக்காரப் பெண்மணி. "எத்தினி வருசம் போட்ட மெருகு. எல்லாரும் நாலு பேச்சு பேசுவாங்களே."

"பேசட்டும். வேற தண்ணி சுட வை."

தேங்காய் நாரால் அவள் தேய்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலால் துணியை இழுத்து நான் துடைத்தேன். வாளி வாளியாகச் சிவப்பு நீர் வெளியே போயிற்று. மூன்று நாள் ஆனது. முடிந்தபோது தரை வெளுத்து, திட்டுத் திட்டாக, செங்கல் சூளை முற்றம் மாதிரி இருந்தது. வெறும் காலை வைத்து அழுத்தித் தள்ளிப் பார்த்தேன். கால் நகரவில்லை. அந்த அசிங்கமான தரையில் நின்றுகொண்டு நான் அழுதேன். கொஞ்சம் துக்கம்தான். அதைவிட அதிகம் என்மேலேயே எரிச்சல். இந்தப் பளபளப்புக்காக என் எலும்பை அடகு வைத்திருந்தேனே என்று.

அடுத்த வாரமே, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாளில், வீட்டு ஜெபம் என் முறை. பன்னிரண்டு பேர் வந்தார்கள். உள்ளே கால் வைத்ததும் பன்னிரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஜெபம் முடிகிறவரை தரையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அது ஒரு மரியாதை. டீ வந்ததும் ஆரம்பித்தது.

"ஒடம்பு முடியலியா டீச்சர்? தரை இப்படி ஆயிடுச்சே. சொல்லியிருந்தா என் மருமகளை அனுப்பியிருப்பேன், மெழுகு போட்டுத் தந்திருப்பா."

"ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் மெழுகை எடுத்தேன். இந்தத் தரையிலதான் விழுந்தேன், ரோட்டுல இல்ல" என்றேன். எதற்காக அப்படிப் பட்டென்று சொன்னேன் என்று இன்றும் தெரியாது. மகனிடம் சொல்லாததை அவர்களிடம் முதலில் சொல்லிவிட்டேன்.

ஓரத்தில் உட்கார்ந்திருந்த எண்பது வயது அக்கா தம்ளரைக் கீழே வைத்தார்.

"போன வருசம் நாய் புடவையை இழுத்துச்சுன்னு சொன்னேனே," என்றார். "நாயெல்லாம் இல்ல. பாத்ரூம்."

அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், "நான் ஆட்டோக்காரன் மேல போட்டேன்" என்றார் மெதுவாக. "அவன் பாவம், வண்டியை நிறுத்தித்தான் வெச்சிருந்தான். என் வீட்டுப் படியிலதான்."

இன்னும் ஒருத்தர் லிஃப்ட் கதவு என்றார். உண்மையில் கட்டிலடி மிதியடியாம். எல்லோரும் சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தோம். சிரித்து முடித்ததும்தான் எனக்கு உறைத்தது. இத்தனை பேரும் விழுந்திருக்கிறார்கள், இத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மூடியது ஒரே பயத்தில். பிள்ளைகளுக்குத் தெரிந்தால் வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுவார்கள் என்கிற பயம். அதனால் மிதியடி மிதியடியாகவே கிடந்தது, படி படியாகவே இருந்தது. போகும்போது நாலு பேர் கொத்தனார் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து மகனும் மருமகளும் சாப்பிட வந்தார்கள். அவன் உட்கார்ந்ததுமே ஆரம்பித்தான்.

"மம்மி, ஈஸ்டர் முடிஞ்சதும் ஷிஃப்ட் பண்ணிடலாம். ஒரு மாசம் ட்ரை பண்ணுங்க. பிடிக்கலன்னா திரும்ப வந்துடலாம்."

ஒரு மாதம் ட்ரை பண்ணப் போன என் வயதுக்காரர்கள் யாரும் திரும்பி வந்து நான் பார்த்ததில்லை.

"ஒண்ணு சொல்லணும்டா. நான் ரோட்டுல விழல. இதோ, நீ கால் வெச்சிருக்கே பாரு, அங்க விழுந்தேன்."

அவன் சட்டென்று காலை எடுத்துக்கொண்டான். எல்லாவற்றையும் சொன்னேன். மெழுகு, சாக்ஸ், கேரல், ஆடுகிற கல், குளியலறைக் கம்பி. ஒன்றையும் விடவில்லை. மருமகள் குனிந்து உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். "அதான் பளபளப்பைக் காணோமா அத்தை?" என்றாள். அவன் முகம் சிவந்துவிட்டது.

"மூணு மாசமா பொய் சொல்லியிருக்கீங்க. வீட்டுக்குள்ளேயே விழுந்திருக்கீங்க. இதுக்கப்புறம் உங்களை எப்படித் தனியா விடறது?"

"இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, மல்லாந்து படுத்தேன். எழுபத்து மூன்று வயது அம்மா ஞாயிற்றுக்கிழமைப் பட்டுப்புடவையோடு ஹால் நடுவில் நீட்டிப் படுத்தால் எந்த மகன் சும்மா இருப்பான்? பாய்ந்து வந்தான்.

"நில்லு அங்கேயே!" என்றேன். பதினைந்து வருடமாக எடுக்காத மைதானத்துக் குரல் அது. நின்றான். அவனுக்கே தெரியாமல் குதிகால் இரண்டும் சேர்ந்துவிட்டன.

பக்கவாட்டில் உருண்டேன். முழங்கையை ஊன்றினேன். முழங்காலில் நின்றேன். கால் வழுக்கவில்லை. நாற்காலிவரை தவழ்ந்தேன், வலது பாதத்தை முன்னால் வைத்தேன், நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றேன். மூச்சு வாங்கியது. புடவைக் கொசுவம் அவிழ்ந்துவிட்டது, அதை மருமகள் வந்து செருகிவிட்டாள்.

"தினமும் ஒரு தடவை இதைச் செய்யறேன்" என்றேன்.

அவன் எதுவும் பாராட்டவில்லை. வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு எவ்ளோ நேரம் கீழ கெடந்தீங்க?"

"முக்கால் மணி நேரம்."

"போன் எங்க இருந்துச்சு?"

இந்தக் கேள்வியை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. இத்தனை உண்மை சொன்னவள் இதில் பொய் சொல்லியிருக்கலாம்.

"டீப்பாய் மேல. கைக்கு எட்டற தூரத்துல."

அவன் சோபாவில் உட்கார்ந்துவிட்டான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. "கை ஒடைஞ்சு கீழ கெடந்திருக்கீங்க. போன் பக்கத்துல இருந்திருக்கு. என்னைக் கூப்பிடல" என்றான். கேள்வி மாதிரியே இல்லை.

"கூப்பிட்டா நீ வந்திருப்பே. அது எனக்கு நல்லாத் தெரியும்டா. வந்தா என்னை இங்க விட்டுட்டுப் போகமாட்டே. அதுவும் தெரியும்."

அவனுக்குக் கண் கலங்கியது. எனக்கும்தான். ஆனால் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் விடுகிற வழக்கம் எனக்கு இல்லை.

"இனிமே விழவே மாட்டேன்னு சத்தியம் பண்ண முடியாது. விழாம இருக்க என்ன செய்யணுமோ செஞ்சிட்டேன், இன்னமும் செய்வேன். நாளையிலேர்ந்து வெளில நடப்பேன், சிவாஜிநகருக்கு பஸ்ல போவேன். விழுந்தா மறைக்கமாட்டேன், மொதல் போன் உனக்குத்தான். ஆனா நீ வந்து எழுப்பிவிடணும், டாக்டர்கிட்ட காட்டணும்னா காட்டணும், அப்புறம் என்னை இங்கேயே விட்டுட்டுப் போகணும். முடியுமா உன்னால?"

பிரியாணி ஆறிப்போயிற்று. அதை அப்படியே மூன்று பேரும் சாப்பிட்டோம். போகும்போதும் அவன் சரி என்று சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை நான் வெளியே நடந்தேன்.

ஜூலையில் ஒரு காலை, தூறல். பின்வாசல் படியில் இறங்கும்போது குதிகால் தவறி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பெரிதாக ஒன்றுமில்லை என்று உடனே தெரிந்தது. இடுப்பில் வலி, அவ்வளவுதான். பிடிக்க நாற்காலி இல்லை, படி ஈரமாக இருந்தது. மெதுவாகத் தவழ்ந்தால் அரை மணி நேரத்தில் உள்ளே போய்விடலாம். போயிருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. கழுத்தில் கயிறு கட்டித் தொங்கிய போனைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன். அவன் என்னிடம் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. இந்த ஒரு போன், பதினோராவது மாடியில் என்னைக் கொண்டுபோய் விடலாம். முதல் தடவை விழுந்தபோதுகூட என் நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

கூப்பிட்டேன்.

ஒன்றே முக்கால் மணி நேரத்தில் வந்தான். ஊர் முழுவதையும் டிராஃபிக்கில் கடந்து வந்திருந்தான், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. அதற்குள் வேலைக்காரப் பெண்மணி வந்து எனக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் எழுப்பப் பார்த்தாள், அவன்தான் எழுப்ப வேண்டும் என்று நான் விடவில்லை. நான் சொல்லச் சொல்ல, அவசரப்படாமல், அக்குளில் கை கொடுத்து எழுப்பினான். டாக்டரிடம் கூட்டிப்போனான். எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றும் இல்லை. திரும்பக் கூட்டிவந்தான். காப்பி போட்டுக் கொடுத்தான். பின்வாசலுக்குப் போய்ப் படியைக் கையால் அளந்துவிட்டு வந்தான். அந்த நேரம் முழுக்கப் பதினோராவது மாடி அறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று தாடையைப் பார்த்தாலே தெரிந்தது.

மூன்று மணிக்குக் கார் சாவியை எடுத்தான். பிடித்துப் பிடித்து நடந்து கேட்வரை போனேன். வெளியே போனவன் திரும்பி, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். இப்போது சொல்லப்போகிறான் என்று நினைத்தேன்.

"கேட்டைச் சாத்திக்கோங்க மம்மி" என்றான்.

கையை எடுத்தான். காரில் ஏறினான். என் மகன் என்னை விட்டுவிட்டுப் போனான்.